தொழில்முனைவுப் பாடத்தில் மார்க் எதற்குப் போடுவது?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். இந்த செமஸ்டரில் இறுதியாண்டு மாணவர்கள் அறுபது பேருக்கு ‘உயர்தொழில்நுட்பத் தொழில்முனைவு’ என்ற விருப்பப் பாடத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் தொழில் எதுவும் செய்தவள் இல்லை. வீட்டிலும் யாரும் இல்லை. அப்பா பள்ளி ஆசிரியர். ‘பிசினஸ் பிளான் எழுதச் சொல்லி, ரெண்டு கெஸ்ட் லெக்சர் வெச்சு முடிச்சிடுங்க மேடம்’ என்கிறார்கள் சீனியர்கள். நிர்வாகமோ வருடத்துக்கு இரண்டு ஸ்டார்ட்அப் பதிவும் ஐந்து பேட்டன்ட்டும் வேண்டும் என்கிறது. மாணவர்களில் பாதிப் பேர் ஃபைனல் இயர் புராஜெக்ட்டையே புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். ஒரே ஒரு குழு மட்டும் நிஜமாகவே எதையோ செய்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு பையன் பிளேஸ்மென்ட்டுக்கு உட்காரவே மாட்டேன் என்கிறான். அவன் அம்மா எனக்கு போன் செய்து அழுகிறார். இந்தப் பாடத்தை எடுக்க எனக்குத் தகுதி இருக்கிறதா? எப்படி எடுப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

தகுதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கடிதத்தில் உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று படுகிறது. தொழில் செய்த அனுபவம் இல்லாதது இந்தப் பாடத்துக்குப் பெரிய குறை இல்லை. சர்க்யூட் தெரியாத ஒருவர் வந்து எடுத்தால்தான் குறை.

உங்கள் லேபில் மாணவர்கள் வெய்ன் பிரிட்ஜ் ஆஸிலேட்டர் என்ற, சீரான மின் அலையை உண்டாக்கும் சர்க்யூட்டைச் செய்து, சி.ஆர்.ஓ. திரையில் சைன் அலை பார்த்து, ரெக்கார்டில் வரைந்து கையெழுத்து வாங்குகிறார்கள் அல்லவா? அந்த சர்க்யூட்டில்தான் ஒரு பெரிய கம்பெனி பிறந்தது. 1930களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் டெர்மன் என்ற ரேடியோ எஞ்சினியரிங் பேராசிரியர் இருந்தார். அவருடைய மாணவர் வில்லியம் ஹியூலெட் அந்த ஆஸிலேட்டருக்குள் ஒரு சின்ன மின்விளக்கைச் சேர்த்தார். சூடேறினால் விளக்கின் தடை கூடும். அதனால் அலையின் உயரம் தானாகவே ஒரே அளவில் நிற்கும். மற்றவர்கள் இருநூறு டாலருக்கு மேல் விற்ற கருவியை, இந்த ஒரு உத்தியால் 54 டாலர் 40 சென்ட்டுக்கு விற்க முடிந்தது. ஹியூலெட்டும் நண்பர் டேவிட் பேக்கார்டும் 1939இல் 538 டாலர் முதலுடன் ஒரு கார் கொட்டகையில் கம்பெனி தொடங்கினார்கள். அந்தக் கருவியின் அடுத்த மாடலில் எட்டை டிஸ்னி நிறுவனம் தன் படத்தின் ஒலி வேலைக்காக வாங்கியது. ‘இதை வெளியே விற்கலாமே’ என்று தூண்டியவர் டெர்மன். அவர் வியாபாரி இல்லை. ஆனால் அந்த சர்க்யூட்டில் எது புதிது என்பதும், அப்படி ஒரு கருவிக்கு யார் ஏங்கிக் கிடக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா தொலைத்தொடர்புப் பேராசிரியர். தொலைபேசி இணைப்பு கொடுக்கும் செலவைக் குறைக்க வேண்டும் என்று 1990களில் அவரும் சக பேராசிரியர்களும் ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கினார்கள். பழைய மாணவர்களைக் கொண்டு அதைச் சுற்றிக் கம்பெனிகளும் முளைத்தன. 2010இல் தொடங்கிய ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா வரைக்கும் அந்தக் கோடு நீள்கிறது. அங்கேயும் ஆரம்பம் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள்தான்.

ஆக, உங்களிடம் இருக்க வேண்டியது ஒன்று: ஒரு மாணவன் ‘இது வேலை செய்யும் மேடம்’ என்றால், எந்த நிலைமையில், எவ்வளவு நாளைக்கு, என்ன விலைக்கு என்று குடைந்து கேட்கும் திறமை. எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, என்ன நடத்துவது?

சட்டை பிரிண்ட் போட்டு விற்பது, சாப்பாடு டெலிவரி ஆப் செய்வது போன்ற தொழிலில் பொருளைச் செய்ய முடியுமா என்ற சந்தேகமே கிடையாது. விற்குமா என்பது மட்டும்தான் கேள்வி. உயர்தொழில்நுட்பத்தில் இரண்டு சந்தேகங்கள் ஒன்றாக வந்து நிற்கும்: வேலை செய்யுமா, வேலை செய்தால் யாராவது காசு கொடுப்பார்களா. இரண்டுக்கும் விடை தெரிய வருடக்கணக்கில் ஆகும். ஐ.ஐ.டி.யில் எஞ்சினியரிங் டிசைன் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் ஏதர் எனர்ஜியைத் தொடங்கினார்கள். முதலில் யோசித்தது மின்ஸ்கூட்டர்களுக்கான பேட்டரி. அப்போது சந்தையில் இருந்த ஸ்கூட்டர்களே உருப்படியாக இல்லாததால், முழு வண்டியையும் தாங்களே செய்யவேண்டி வந்தது. வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018இல். ராக்கெட் செய்யும் அக்னிகுல் கம்பெனி 2017இல் ஆரம்பித்தது. முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்) முறையில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு அதன் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2024 மே 30ஆம் தேதி. அதுவும் சோதனைப் பயணம்தான்.

இத்தனை வருடம் பிடிக்கிற வேலையைப் பதினைந்து வாரத்தில், அதுவும் நடுவில் இரண்டு இன்டர்னல் தேர்வு, ஒரு சிம்போசியம், தீபாவளி விடுமுறை எல்லாம் போக, யாராலும் செய்ய முடியாது. எனவே செமஸ்டர் முடிவில் கம்பெனியை எதிர்பார்க்காதீர்கள். ஒரு யோசனையில் எந்த இடம் மிகவும் ஆட்டம் காண்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைக் குறைந்த காசில், குறைந்த நாளில் சோதித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் வெளியே வந்தால் போதும். என் அனுபவத்தில் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடமும் உதவியும் தரும் ஒரு இன்குபேட்டரில் வேலை பார்க்கிறேன். அங்கே வருகிற விண்ணப்பங்களில் நன்றாக எழுதப்பட்ட பிசினஸ் பிளான்களுக்குக் குறைவே இல்லை. ஐந்தாவது வருடம் எத்தனை கோடி லாபம் என்று எக்செலில் போட்டிருப்பார்கள். ‘வாங்கப்போகிறவரில் யாரைப் பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் கப்சிப்.

ஒரு குழுவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வகுப்பிலும் இதே யோசனை நிச்சயம் வரும். தானியங்கி நீர்ப்பாசனம். மண்ணில் ஈரம் பார்க்கும் சென்சார், ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, மோட்டாரை ஆன்-ஆஃப் செய்ய ஒரு ரிலே, செல்போன் வழியாகத் தகவல் அனுப்ப ஒரு ஜி.எஸ்.எம். மாட்யூல். ஈரம் குறைந்தால் மோட்டார் ஓடும், போதுமானதும் நிற்கும். தண்ணீரும் கரண்டும் மிச்சம். தமிழ்நாட்டில் இதைச் செய்யாத பொறியியல் கல்லூரி இருக்குமா என்பது சந்தேகம்.

ஒரு கல்லூரியில் இந்தக் குழுவை வகுப்பில் பிரசென்டேஷன் கொடுக்கவிடாமல் தோட்டத்துக்கு அனுப்பினோம். மஞ்சளும் வாழையும் போட்டிருந்த ஒரு பெரியவர், வரப்பில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். முடிந்ததும், “ஈரம் இருக்கா இல்லையான்னு பார்க்க மிசின் எதுக்குங்க தம்பி? காலை வெச்சாத் தெரியுது” என்றார். சரி, கரண்டு மிச்சமாகுமே என்றார்கள். “கரண்டு ஓசிதானுங்களே. அதை மிச்சம் புடிச்சு நான் ஆருக்குக் குடுக்கறது?” என்று சிரித்தார். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பது குழுவில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். ஆனால் அதையும் தங்கள் பொருளின் விலையையும் அதுவரை யாரும் சேர்த்து யோசித்திருக்கவில்லை.

பிறகு சும்மா பேச்சு கொடுத்தார்கள். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரியில் எழுந்து போவது, கிணற்றில் தண்ணீர் வற்றியது தெரியாமல் மோட்டார் ஓடி உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) கருகுவது, மூன்று பேஸில் ஒன்று போய்விட்டுக் கருகுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. அதற்கெல்லாம் ஏற்கெனவே பிரிவென்டர், ஆட்டோ ஸ்டார்ட்டர், மொபைல் ஸ்டார்ட்டர் என்று டவுனில் விற்கிறார்கள். அவரே ஒன்று மாட்டியிருந்தார். கடைசியாகத்தான் அந்த விஷயம் வந்தது. முந்தின மாதம் போர்வெல் மோட்டாருக்குப் போகிற செம்பு ஒயரை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புது ஒயர், வயர்மேன் கூலி, அதுவரை காய்ந்த வாழை எல்லாவற்றையும் ரூபாய் சுத்தமாகச் சொன்னார். கேட்காமலேயே சொன்னார். அடுத்தடுத்த தோட்டங்களிலும் பாதிக்கு மேல் அதே புலம்பல்.

இங்கேதான் உங்களைப் போன்ற ஆசிரியர் தேவைப்படுகிறார். திருடன் கரண்டு இருக்கும்போது ஒயரில் கை வைக்க மாட்டான். கரண்டு போன பிறகுதான் வெட்டுவான். அப்படியென்றால் உயிரில்லாத லைனில் ஒயர் அறுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? பேட்டரியிலிருந்து சின்ன மின்னழுத்தத்தைக் கொடுத்து, மோட்டார் காயில் வழியாகச் சுற்று முழுமையாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கலாம். நல்லது. ஆனால் அடுத்த நொடி 440 வோல்ட் வந்தால் அந்த ஐந்து வோல்ட் சர்க்யூட் என்ன ஆகும்? இடி மின்னல் நாளில்? அந்த யோசனையின் ஆட்டம் காணும் இடம் அதுதான். ஆப், டாஷ்போர்டு, லோகோ எல்லாம் அப்புறம். அந்தக் குழு மூன்று வாரம் வேறு எதையும் தொடாமல், ரிலேயை வைத்து அந்த ஐந்து வோல்ட் சர்க்யூட்டை மெயின் லைனிலிருந்து பிரித்துவைப்பதை மட்டும் பெஞ்சில் சோதித்தது. நடுவில் ஒரு மாட்யூல் புகைந்தது. கடையில் விற்கும் ஒரு ஸ்டார்ட்டரே ஒயர் திருட்டு அலாரமும் தருவதாகத் தெரிந்ததும், அதை மாட்டியிருந்தவரைத் தேடிப் பிடித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு இடி மழைக்கு அப்புறம் அந்த அலாரம் அடிக்கவே இல்லையாம். அந்த ஒரு வரிதான் அவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தைத் தகவல்.

அவர்கள் கம்பெனி ஆரம்பிக்கவில்லை. இரண்டு பேர் மோட்டார் கன்ட்ரோல் பேனல் செய்கிற இடங்களில் வேலைக்குப் போனார்கள். இன்டர்வியூவில் அவர்கள் பேசியதெல்லாம் அந்தப் புகைந்த மாட்யூலைப் பற்றித்தான்.

இந்த முறை ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. பல கம்பெனிகளில் அடிபட்டு வந்த ஸ்டீவ் பிளாங்க் என்பவர் 2011இல் ஸ்டான்ஃபோர்டில் இப்படி ஒரு வகுப்பு தொடங்கினார். பிசினஸ் பிளான் கிடையாது. ஒவ்வொரு குழுவும் வாரம் பத்துப் பேரையாவது நேரில் பார்த்துவிட்டு வந்து, என்ன தெரிந்துகொண்டோம் என்று சொல்ல வேண்டும். அதே வருடம் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை அதை எடுத்து, தன்னிடம் ஆராய்ச்சி நிதி வாங்கும் விஞ்ஞானிகளுக்கான பயிற்சியாக்கியது. அங்கே ஒரு குழு சில வாரங்களில் நூறு பேரைப் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு வேறு பேப்பர்களும் இருக்கின்றன, பஸ் பிடிக்க வேண்டும், விடுதி மாணவிகளுக்கு அவுட்பாஸ் வேண்டும். நாலு பேர் குழுவுக்கு வாரம் நாலைந்து சந்திப்பு போதும். வாரத்தில் ஒரு பிற்பகலை மொத்தமாக ஒதுக்கச் சொல்லி டைம்டேபிள் போடுகிறவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். முதல்வர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் ஒவ்வொரு குழுவிடமும் இருக்கட்டும். தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேனைத் தாண்ட அது வேண்டும்.

கேட்கிற விதத்தைத்தான் அதிகம் பழக்க வேண்டியிருக்கும். ‘இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்கவே கூடாது. நம் ஊரில் படிக்கிற பிள்ளை வந்து கேட்டால் மனம் நோகச் சொல்ல மாட்டார்கள். “நல்லா இருக்குது கண்ணு, செய்யுங்க” என்று டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். அதை நம்பி ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. நடந்ததைக் கேட்க வேண்டும்: கடைசியாக எப்போது இது ரிப்பேர் ஆனது, யாரைக் கூப்பிட்டீர்கள், எவ்வளவு ஆனது, அந்த நாள் உற்பத்தி என்ன ஆயிற்று, பில் இருக்கிறதா. செய்த பொருளை முதல் சந்திப்பில் பையிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போய்விடும். கூகுள் ஃபார்ம் சர்வே முற்றிலும் தடை. அதை நிரப்புவது அவர்கள் கிளாஸ்மேட்கள்தான். கேள்விகளைத் தமிழிலேயே தயாரிக்கச் சொல்லுங்கள். சாயப்பட்டறை மேனேஜரிடம் ‘பெயின் பாயின்ட்’ (தொழிலில் தொல்லை தரும் இடம்) என்ன என்று கேட்ட ஒரு மாணவனுக்கு முதுகுவலி பற்றிப் பதில் கிடைத்தது.

உங்கள் இடம் இதற்கு எவ்வளவு தோதானது என்பதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. பக்கத்தில் பெருந்துறை சிப்காட். சுற்றிலும் விசைத்தறி, மஞ்சள் மண்டி, எண்ணெய் ஆலை. கொஞ்சம் தள்ளிப்போனால் திருப்பூர். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் அங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று ஆன பிறகு, உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பிரிப்பதற்கு அவர்கள் செய்கிற செலவைப் பற்றி யாரைக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவார்கள். அதில் அளக்கவும் கட்டுப்படுத்தவும் எலக்ட்ரானிக்ஸ் மாணவனுக்கு வேலை இருக்கிறது. பெங்களூரைப் பார்த்து ஆப் யோசிப்பதைவிட இது தேவலை.

வாங்குகிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு என்பதை ஒரு முழு வகுப்பில் எடுங்கள். அதற்கு ஜென்ரோபாட்டிக்ஸ் கம்பெனியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கேரளத்தில் குட்டிப்புரத்தில் உள்ள எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது அது, ஐ.ஐ.டி. இல்லை, உங்களுடையதைப் போன்ற ஒரு கல்லூரி. பாதாளச் சாக்கடைக்குள் மனிதர் இறங்குவதற்குப் பதிலாக இறங்கும் ‘பண்டிகூட்’ ரோபோவை 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு இறக்கினார்கள். கும்பகோணத்துக்கும் அது வந்தது. ரோபோவை ஓட்டப்போகிறவர் தூய்மைப் பணியாளர். அவருக்குத் திரையும் பொத்தானும் எளிதாக இருக்க வேண்டும். காசு கொடுப்பது நகராட்சி. அதற்கு டெண்டர், கவுன்சில் தீர்மானம், நிதியாண்டு எல்லாம் உண்டு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பின்னால் நிற்கிறது. பள்ளத்துக்குள் விஷவாயு, சேறு, கண் தெரியாத இருட்டு. இத்தனையையும் ஒரு குழு எப்படிச் சமாளித்திருக்கும் என்று மாணவர்களையே பலகையில் போடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

விலைக் கணக்குக்கும் ஒரு வகுப்பு வேண்டும், ஆனால் சுருக்கமாக. மாணவர்கள் பார்ட்ஸ் விலையைக் கூட்டி இரண்டால் பெருக்கி ‘இதுதான் விலை’ என்பார்கள். மழை புகாத பெட்டி, அதை வார்க்க அச்சுக்கு ஆகிற லட்சங்கள், கடைக்காரர் கமிஷன், மாட்டித்தரும் வயர்மேன் கூலி, வாரன்டியில் திரும்பி வருகிற பத்தில் ஒன்று, ரிப்பேருக்கு ஆள் அனுப்பும் பெட்ரோல் என்று ஒவ்வொன்றையும் கரும்பலகையில் சேர்த்துக்கொண்டே போங்கள். முகம் மாறும்.

இப்போது நீங்கள் கேட்காமலேயே கேட்டிருக்கிற கேள்வி: மார்க். இந்தப் பாடம் உருப்படுவதும் கெடுவதும் அங்கேதான் என்பேன். யோசனை பிரமாதமாக இருக்கிறது என்று மார்க் போட்டால் எல்லோரும் ட்ரோன், ஏ.ஐ. என்று கிளம்புவார்கள். ஸ்லைடு அழகுக்கு மார்க் போட்டால் ஸ்லைடு கிடைக்கும். ஆதாரத்துக்குப் போடுங்கள். யாரைப் பார்த்தார்கள், அவர் சொன்ன வார்த்தை என்ன, அதனால் தங்கள் திட்டத்தில் எதை மாற்றினார்கள், எதைச் சோதித்தார்கள், என்ன அளவு வந்தது. இதெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் கையால் எழுதியிருக்க வேண்டும். ‘எங்கள் யோசனை எடுபடாது என்று தெரிந்துகொண்டோம், இதோ காரணம்’ என்று ஒரு குழு ஆதாரத்தோடு நிரூபித்தால் முழு மார்க் கொடுங்கள். அதை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் எல்லாக் குழுவும் வெற்றி பெற்றிருக்கும்.

புராஜெக்ட் சென்டர் வியாதிக்கும் இந்த நோட்டுதான் மருந்து. டப்பாவை வாங்கலாம்; பத்து வாரச் சந்திப்பை வாங்க முடியாது. வைவாவில் ‘இந்த ரெசிஸ்டர் ஏன் இந்த மதிப்பு?’ என்று கேட்டால் விழிக்கிறவன், ‘அந்த மண்டிக்காரர் ஏன் வேண்டாம் என்றார்?’ என்று கேட்டால் இன்னும் அதிகம் விழிப்பான்.

நிர்வாகத்தின் எண்ணிக்கை ஆசை பற்றி. தரவரிசைப் படிவங்களில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டியிருக்கிறது, அவர்கள் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் படிவத்துக்காக மாணவர் பெயரில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்வதை எப்படியாவது தடுத்துவிடுங்கள். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் வருடா வருடம் ஆடிட் செய்து, கம்பெனிப் பதிவாளரிடம் கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநராக இருக்கிற பிள்ளை ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. இருபத்தொரு வயதில் பேருக்கு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, இருபத்தாறு வயதில் நிஜமாகவே தொழில் தொடங்க வருகிறவன் இந்தச் சிக்கலோடு வந்து நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. முதல் பில் போடும் நிலை வரும்வரை பதிவு வேண்டாம்.

பேட்டன்ட் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. கல்லூரி மாநாட்டில் பேப்பர் படித்துவிட்டு, மலரில் அச்சிட்டுவிட்டு, அப்புறம் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் ‘புதுமை’ போய்விடும். முதலில் விண்ணப்பம், பிறகு மேடை. முழு விவரம் இல்லாத தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டால் முழு விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்தப் பன்னிரண்டு மாதத்தைத்தான் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகையும் இருக்கிறது. இன்னொன்று, விண்ணப்பித்தது வேறு, வெளியானது வேறு, வழங்கப்பட்டது வேறு. பொருளின் வடிவத்தைப் பதிவு செய்துவிட்டு அதைப் பேட்டன்ட் என்று பேனர் கட்டுகிற வியாபாரமும் நடக்கிறது. ஐந்து பேர் பெயர் போட இடம் இருக்கிறது, ஆளுக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பதில் போடாதீர்கள்.

நிர்வாகத்திடம் வெறும் கையோடு ‘முடியாது’ என்று சொல்ல முடியாது என்பதால், வேறு எண்ணிக்கை கொடுங்கள். எத்தனை நிறுவனங்களுக்குள் நம் மாணவர்கள் போனார்கள், எத்தனை கருவிகள் வெளியே ஒரு மாதம் ஓடின, எத்தனை பேர் சோதனைக்குக் காசு கொடுத்தார்கள். இதில் நன்றாக வருகிற ஒரு குழுவைக் காட்டி, மத்திய அரசின் ‘நிதி பிரயாஸ்’ திட்டத்தில் முன்மாதிரி செய்ய 10 லட்சம் வரை மானியம் கேட்கலாம், மாநில அரசின் ‘டான்சீட்’ நிதியுதவித் திட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அவற்றின் தேர்வுக் குழுக்களில் உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது யாரைப் பார்த்தீர்கள் என்பதைத்தான். மாணவர் நோட்டு அங்கே செல்லும். கூடவே, மாணவர், ஆசிரியர்களுக்கான தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையை 2019இல் அரசு வெளியிட்டது. அதை உங்கள் கல்லூரி ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டார்ட்அப் வேலையையே மாணவர் தன் புராஜெக்ட்டாகக் காட்டலாம் என்கிறது அது. இன்குபேட்டர் வசதிக்காகக் கல்லூரி எவ்வளவு பங்கு எடுக்கலாம் என்பதற்கும் 2 முதல் 9.5 சதவீதம் என்று வரம்பு சொல்கிறது. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவையுங்கள். நன்றாகப் போகிற வரைக்கும் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக அந்தப் பையன். நீங்கள் அவனைத் தள்ளவும் வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். வேலைக்குப் போவது துரோகம் என்று யூடியூபில் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பேக்கார்டே கல்லூரி முடித்ததும் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலைக்குப் போனவர்தான். 1938இல் டெர்மன் உதவித்தொகை ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தார். ஜென்ரோபாட்டிக்ஸ் நண்பர்களும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டு, பிறகுதான் அதை விட்டு வந்தார்கள். வேலையில் பொருள் எப்படிச் செய்கிறார்கள், எப்படி வாங்குகிறார்கள், பில் எப்போது பாஸாகிறது என்று தெரிந்துகொள்கிற இரண்டு வருடம் வீண் இல்லை. கல்விக் கடன் இருக்கிறதா, வீட்டில் இன்னொரு சம்பளம் வருகிறதா என்று தனியாகக் கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் தெரியாமல் ‘பேஷன்’ (தீராத ஆர்வம்) பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

அந்த அம்மாவை ஒரு நாள் கல்லூரிக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் பேசாதீர்கள். பையனே தன் கருவியை மேசையில் வைத்து, இது என்ன செய்யும், யார் வாங்குவார், எவ்வளவுக்கு, இதுவரை யாரையெல்லாம் பார்த்தான், அதில் யார் காசு தருவதாகச் சொன்னார் என்று அம்மாவுக்குத் தமிழில் விளக்கட்டும். காசு கொடுக்கத் தயாராக ஒருவராவது இருந்தால், அவருடைய போன் நம்பரையும் கடன் தவணைக் கணக்கையும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் பேசலாம். வருகிற வேலையில் சேருவதை ஆறு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று அந்தக் கம்பெனியிடமும் கேட்கலாம். யாருமே இல்லை என்றால் பிளேஸ்மென்ட்டுக்கு உட்காரச் சொல்லுங்கள். கருவி எங்கும் போய்விடாது.